ஆள் இருக்கிற வண்டி

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு என் முதுகுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டித் தேய்ந்த முதுகு. வீட்டு நாற்காலியில் அரை மணி நேரம் தாங்காது. அந்த வேனில் மட்டும் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒரு முணுமுணுப்பு கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பேச ஆரம்பித்தால் மறந்துவிடுவேன்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். உட்கார்ந்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்சல் கம்பெனி கொடுத்த அட்டையில் என் போட்டோவுக்குக் கீழே 'இருக்கையாளர்' என்று போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் அபராதச் சீட்டு ஒட்டுவார்கள். ஆனால் வண்டிக்குள் ஓர் ஆள் இருந்தால் ஒட்டக் கூடாது. ஆள் இருந்தால் அந்த வண்டி கிளம்பப் போகிற வண்டியாம். எப்போது கிளம்பும் என்று சட்டத்தில் எழுதவில்லை. படித்தவர்கள் எழுதிய சட்டம். ஓட்டை எங்கே இருக்கிறது என்று படித்தவர்களே கண்டுபிடித்தார்கள். டிரைவர் இறங்கிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போவான். உள்ளே யாராவது இருக்க வேண்டும். ஓடி ஆடி வேலை செய்கிற ஆளை அங்கே உட்கார வைத்தால் வீண். என்னை மாதிரி ஆளைப் பிடித்தார்கள்.

வேலைக்கு எடுத்தது ஒரு சூப்பர்வைசர் அம்மா. என் பேத்தி வயசு.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

"லாரி ஓட்டுவேன்."

"ஓட்ட வேண்டாம். சும்மா இருக்கத் தெரியுமா?"

"இதுவரைக்கும் இருந்ததில்லை. பழகிக்கிறேன்."

"மூணு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாம இருப்பீங்களா?"

"லாரிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியாம்மா இது?" என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஓர் அறையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எதிரே ஒருத்தர் நின்று என்னைத் திட்டினார். திட்டுவதுதான் அவருக்கு உத்தியோகம். என் பிறப்பில் ஆரம்பித்து என் பல் வரைக்கும் வந்தார். நான் கோபப்படாமல் மூன்றே வாக்கியம் சொல்ல வேண்டும். 'இதோ வந்துடுவாங்க.' 'ரெண்டே நிமிஷம்.' 'வண்டியில நம்பர் இருக்கு, ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க.' இந்த மூன்றுக்கு மேல் நாலாவது சொல்லக் கூடாது. மத்தியானத்துக்குள் எனக்குக் கைவந்துவிட்டது. திட்டினவர் தண்ணீர் குடித்துவிட்டு, "பெரியவரே, நீங்க பிறவி" என்றார்.

சாவி வண்டியிலேயே இருக்கும். கிளம்பப் போகிற வண்டி என்றால் சாவி இருக்க வேண்டுமே. எனக்கு லைசென்ஸ் இல்லை. கண் டாக்டர் கொடுத்த சீட்டால் இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டது. "ரொம்ப அவசியம்னா பத்தடி நகர்த்திக்கோங்க" என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். தரவில்லை. யாரும் தர மாட்டார்கள்.

என் டிரைவரை நான் பம்பரம் என்று கூப்பிடுவேன். நாற்பது வயசு இருக்கும். நின்று பேசி நான் பார்த்ததில்லை. கையில் கட்டியிருக்கிற கருவி அவன் எத்தனை நிமிஷத்தில் எத்தனை பெட்டி கொடுத்தான் என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் கீச்சென்று கத்தும். அவன் என்னைப் பெருசு என்று கூப்பிடுவான். மரியாதைக் குறைவாகச் சொல்ல மாட்டான். நேரம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்வான்.

எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். நீங்களே வந்து அளந்தீர்கள். இரண்டு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடி. நடைபாதை முழங்கால் உயரம். தண்ணீர் ஏறக் கூடாது என்று உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெரு முழுக்கவும் நடைபாதையிலிருந்து ரோட்டுக்குச் சரிவாக இறங்குகிற இடம் ஒன்றே ஒன்று, பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில். சக்கர நாற்காலிக்காகக் கட்டினது. அந்த வீட்டு அம்மா மூன்று வருஷம் நகராட்சிக்கு நடந்து வாங்கினாராம்.

சக்கர நாற்காலி ஏறுகிற சரிவில் பெட்டித் தள்ளுவண்டியும் ஏறும். வேறு எங்கே நின்றாலும் பம்பரம் ஒவ்வொரு பெட்டியையும் முழங்கால் உயரம் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு அந்தத் தெருவில் மட்டும் நூற்றிருபது பெட்டி. அதனால் ஒன்பது மணிக்கு, பக்கக் கதவு அந்தச் சரிவின் மேல் திறக்கிற மாதிரி வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டு, பதினொன்றரை வரை அவன் ஓடிக்கொண்டிருப்பான். நான் இருப்பேன்.

முதல் நாளே பதினாலாம் நம்பர் அம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"யாரு வண்டிங்க இது?"

"கம்பெனி வண்டிம்மா."

"எடுங்க."

"இதோ வந்துடுவாங்க."

"யாரு வருவாங்க? நீங்கதான் உள்ள உக்காந்திருக்கீங்களே."

"நான் டிரைவர் இல்லம்மா."

"அப்ப நீங்க யாரு?"

இந்தக் கேள்வியைப் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "நான் இருக்கேன்" என்றேன்.

அவர் விஷயத்தைச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்க வேண்டும். பதினொன்றரை தாண்டினால் மெஷினை அடுத்தவருக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை தவறினால் சமாளிக்கலாம். வரிசையாகத் தவறினால் ரத்தமே விஷம். அவரைத் தூக்கி இறக்கவும் கூடாது. ஒரு தடவை அவசரத்தில் நாலு பேர் தூக்கி, விலா எலும்பு இரண்டில் விரிசல் விட்டுவிட்டது. அன்றிலிருந்து சரிவில் தள்ளித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வண்டி பத்து இருபதுக்கு வரும்.

எனக்கு இதெல்லாம் புரிந்தது ஐயா. புரியாமல் செய்தேன் என்று எழுதாதீர்கள். நான் படிக்காதவன், புத்தி கெட்டவன் இல்லை.

வீட்டுக்காரரை நான் சார் என்று கூப்பிடுவேன். கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். வாசலில் நாற்காலியில் இருந்தபடி, "விடும்மா, பெரியவர் பொழப்பு" என்று சொல்வார். என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

"என்ன பெரியவரே, இன்னைக்கு எத்தனை திட்டு?"

"பன்னெண்டு சார்."

"எங்க வீட்டம்மாவையும் சேத்தா?"

"அவங்களுது தனி சார். அதை மொத்தமாத்தான் எடுத்துக்கறது."

அவர் சிரித்தால் நாற்காலியே ஆடும். என்னோடு அப்படிப் பேசின ஆள் அந்தத் தெருவில் வேறு இல்லை. என் வீட்டிலும் இல்லை.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. வண்டியில் எழுதியிருக்கிற நம்பருக்குப் போன் செய்தார். என் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றே செய்தார். பாட்டுப் போட்டார்கள். நாற்பது நிமிஷம் பாட்டு. நடுநடுவே ஒரு பெண், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பாட்டுதான்.

அபராதக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஆள் இருக்காரேம்மா."

"ஆள்னா? அவரு நாள் முழுக்க இங்கயேதான் இருக்காரு."

"அதாம்மா சொல்றேன். இருக்காரு. நான் என்ன பண்ண?"

பிறகு அந்த அம்மா அந்த இடத்தில் நாலு பூந்தொட்டி கொண்டுவந்து வைத்தார். பெரிய மண் தொட்டிகள். நாங்கள் வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப் போனோம். அபராதக்காரர் வந்தார். பொது ரோட்டை மறித்து வைத்ததற்கு அந்த அம்மாவுக்கு அபராதம் போட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. பூந்தொட்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தானே நடு இடத்தில் உட்கார்ந்தார். மடியில் பின்னல் வேலை. இது எனக்குப் பிடித்திருந்தது. அபராதக்காரர் வந்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். ஆள் இருக்கிறதே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டி நேராக வந்து சரிவில் ஒட்டி நின்றது. சார் ராஜா மாதிரி போனார். பம்பரத்துக்கு அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து நாங்கள் ஏழு மணிக்கே வந்து நின்றோம். அந்த அம்மா நாற்காலியோடு வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அதே நாற்காலியோடு உள்ளே போனார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. வருத்தமாகவும் இல்லை. இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தெருவில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள் என்று மனுவில் எழுதியிருக்கிறார்களாம். திட்டினது உண்மை. யார் வீட்டுப் பெட்டி அது? மூன்றாம் மாடிக்காரர் என்னைத் திட்டிவிட்டு, "என் செருப்பு வந்திருக்கா பாருங்க" என்பார். பதினாலாம் நம்பருக்கே வாரம் இரண்டு பெட்டி வரும். சாருக்கு உப்பில்லாத பிஸ்கட். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வர வேண்டும், வருகிற வண்டி மட்டும் நிற்கக் கூடாது. எங்கே நிற்க வேண்டும் என்று கம்பெனியும் சொல்லவில்லை, நகராட்சியும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து விட்ட அந்தப் பள்ளத்தில் கம்பெனி என்னைத் தூக்கிப் போட்டு நிரப்பினது. நான் உட்கார்ந்தேன்.

இப்போது மஞ்சள் வண்டிக்கு வருகிறேன். அது வேறு கம்பெனி. சின்ன வண்டி, எலி மாதிரி எதிலும் நுழையும். அதிலும் என்னைப் போல ஓர் ஆள். எந்நேரமும் தொப்பி போட்டிருப்பார், அதனால் தொப்பி. தபால் ஆபீஸில் முத்திரை குத்தினவராம். அவர்களுக்கும் அந்தச் சரிவு வேண்டும். நாங்கள் ஏழு என்றால் அவர்கள் ஆறே முக்கால். நாங்கள் ஆறரை என்றால் அவர்கள் ஆறே கால். அவர்கள் பிடித்த அன்றைக்கு நாங்கள் நடுரோட்டில் நிற்போம். தொப்பி கண்ணாடியை இறக்கி, "இதோ வந்துடுவாங்க" என்பார். அவர்களுக்கும் அதே பயிற்சி.

நாற்பத்தொரு நாள் தொடர்ந்து இடத்தை விடாமல் பிடித்தேன். கம்பெனிக் கிடங்கில் என் போட்டோவை மாட்டினார்கள். மாதத்தின் சிறந்த இருக்கையாளர். கை தட்டினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. இது உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் அவர் கத்தாமல் வந்து பேசினார்.

"பெரியவரே, வாரத்துல மூணு நாள், பத்து இருபதுக்குப் பத்தடி நகர்ந்துக்கோங்க. அவரை ஏத்தின உடனே திரும்ப வந்து நில்லுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நகர்ந்தா மஞ்சள் வண்டி நுழைஞ்சிடுமேம்மா."

"நீங்க நகருங்க. அதை நான் பாத்துக்கறேன்."

அவரால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு தடவை நான் சொன்னபடி நகர்ந்தேன். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வண்டி தன் பெரிய உடம்பைத் திருப்புவதற்குள் மஞ்சள் வண்டி நுழைந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அதை எடுக்க வைத்து, சார் போய்ச் சேரும்போது பதினொன்று இருபத்தெட்டு. அப்போது நான் ஒரு வழி சொன்னேன். "நானே பிடிச்சு வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரி வண்டி மூக்கு என் பின்னாடி வந்து முட்டினப்பறம் எடுக்கறேன். நடுவுல ஈ கூட நுழையாது."

அது வேலை செய்தது ஐயா. இரண்டு வாரம், ஆறு தடவை, ஒரு நிமிஷம் பிந்தாமல் சார் போனார். "பெரியவரே, உங்க இடத்துல நான் போறேன்" என்பார். "உங்க இடம்தான் சார், நான் சும்மா காவல்" என்பேன். அந்த அம்மா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்த இடத்தை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. பத்து இருபது. எனக்குப் பின்னால் மஞ்சள் வண்டி வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரி வண்டி. நான் எடுத்தால் எலி நுழையும். அதனால் எடுக்கவில்லை. தொப்பி தலையை வெளியே நீட்டினார்.

"நீ எடுய்யா, நான் நுழைய மாட்டேன்."

"முதல்ல நீ பின்னால போ."

"பின்னால ஆஸ்பத்திரி வண்டி நிக்குது. அதும் மேல ஏறியா போறது?"

"அப்ப முன்னால போ."

"முன்னால நீ இருக்கியே."

ஆஸ்பத்திரி டிரைவர் இறங்கி வந்தார். "ரெண்டு பெருசும் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு இதுக்கு மேல மூணு வீடு இருக்கு" என்றார்.

"ரெண்டே நிமிஷம்" என்றேன் நான். பின்னாலிருந்து தொப்பியும் அதையே சொன்னார்.

தொப்பி முதலில் போகட்டும் என்று நான் இருந்தேன். நான் முதலில் எடுக்கட்டும் என்று அவர் இருந்தார். யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. பதினொன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வண்டி பின்னாலேயே போய்த் திரும்பிப் போயிற்று. சார் வாசலில் இருந்து கேட்டார். "இன்னைக்கு எத்தனை திட்டு பெரியவரே?"

"எண்ணலை சார்" என்றேன்.

புதன்கிழமையும் அப்படியே. அதே மூன்று வண்டி, அதே வரிசை. சாருக்கு முகம் உப்பியிருந்தது. கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் துணி சுற்றியிருந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. கையை மட்டும் என் பக்கம் கொஞ்சம் தூக்கினார். நானும் தூக்கினேன். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை முதல் ஆளாக மெஷினில் போடுகிறோம், எப்படியாவது கொண்டுவாருங்கள் என்றார்களாம். தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்களாம். இதை அந்த அம்மா என் கண்ணாடியைத் தட்டி, சொல் சொல்லாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு இடத்தைப் பிடித்தோம். பம்பரம் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனான். பத்து மணிக்கே சாரைக் கொண்டுவந்து சரிவின் மேல் நிறுத்தினார் அந்த அம்மா. சார் என் வண்டிக் கதவுக்கு நேரே இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். பத்து பதினெட்டுக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து எனக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தது. நான் சைடு கண்ணாடியைப் பார்த்தேன்.

அந்த அம்மா வந்தார். அன்றைக்குக் கத்தவில்லை.

"ஐயா, எடுங்க. இன்னைக்கு மட்டும்."

அதுவரை அவர் என்னை ஐயா என்று கூப்பிட்டதில்லை. "இதோ வந்துடுவாங்க" என்றேன்.

"யாரும் வர வேண்டாம். சாவி உங்ககிட்ட இருக்கு."

இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

பத்து நாற்பதுக்குப் பம்பரம் அடுத்த நடைக்குப் பெட்டி எடுக்க வந்தான். அந்த அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவன் கைக்கருவி கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவன் என்னிடம் வந்தான்.

"பெருசு, எடுத்துடலாம். நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டே போறேன், பரவாயில்ல."

"மஞ்சள் வண்டி முனையில நிக்குது" என்றேன். "நாம எடுத்தா அவன் நுழைஞ்சிடுவான். அப்பறம் இவங்க பாடு இன்னும் மோசம். அவன் போகட்டும், நான் எடுத்துடறேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவன் முனைப் பக்கம் திரும்பினான். அங்கிருந்து முனைக்கு அந்தப் பக்கம் தெரியாது. போய்ப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை, என்னை நம்பினான். "சட்டுன்னு எடுத்துடுங்க பெருசு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு வீடுகளுக்கு ஓடினான். அவன் மேல் வழக்குப் போடாதீர்கள். பிள்ளை குட்டிக்காரன்.

பதினொன்று ஐந்து இருக்கும். சாருடைய தலை தோள் பக்கம் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அடித்துவிடுங்கள். அப்படி நினைக்கவில்லை. லாரி ஓட்டின காலத்தில் ரோட்டோரம் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தூங்குகிற தலை எப்படிச் சாயும் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி ஆட்கள் ஓடி வந்து மார்பை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதினார்கள். தங்கள் வண்டி உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பம்பரம் திரும்பி வந்தான். பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கைக்கருவி கத்திக்கொண்டே இருந்தது. அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கறுப்பு வண்டி ஒரு மணிக்கு வந்தது. சரிவில் இடம் இல்லாததால் நடுரோட்டில் நின்றது. நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். இரண்டு பேர் இறங்கிப் போய்ச் சாரை இரண்டு கை கொடுத்துத் தூக்கி, முழங்கால் உயர நடைபாதையிலிருந்து இறக்கி வண்டியில் வைத்தார்கள். இனிமேல் தூக்கலாமாம். அவர்கள் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்க உள்ளே போன நேரத்தில் அபராதக்காரர் வந்து கறுப்பு வண்டியில் சீட்டு ஒட்டினார். அவர்கள் ஓடி வந்து, "உள்ள ஆள் இருக்காருங்க" என்றார்கள். அபராதக்காரர் எட்டிப் பார்த்தார். சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். அது ஆளில் சேராது என்றார்.

போன வாரம் கம்பெனியிலிருந்து வக்கீல் வந்தார். இருக்கையாளர் என்பவர் இருக்க மட்டுமே கடமைப்பட்டவர் என்று ஒரு தாளைக் காட்டினார். நான் நன்றாக இருந்தேன் என்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார். படிக்காமல் போட மாட்டேன் என்றேன். படிக்க இரண்டு நாள் ஆயிற்று. போடவில்லை. எனக்கு அவர்கள் மேலேயும் நம்பிக்கை இல்லை.

கடைசியாக மஞ்சள் வண்டியைக் கேட்டீர்கள். தெருமுனைக் கேமராவில் வெள்ளிக்கிழமை முழுக்க மஞ்சள் வண்டியே இல்லை என்கிறீர்கள். நான் கேமராவை நம்புகிறவன் இல்லை. ஆனால் அது சரி.

புதன்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி வண்டி திரும்பிப் போன பிறகு, தொப்பி இறங்கி என் கண்ணாடிக்கு வந்தார். அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. நிற்கும்போது என்னைவிடக் குட்டை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"யோவ், வெள்ளிக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். நான் வர மாட்டேன். என் இடத்துல உக்கார வேற ஆள் கிடைக்கலையாம், வண்டியே இந்தத் தெருவுக்கு வராது. நீ அந்த மனுஷனுக்கு வழி விட்டுடு. நாம ரெண்டு பேரும் பண்றது நல்லா இல்ல."

"சரி" என்றேன்.

அவர் சொன்னதை நம்பவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் இன்று வந்தேன். என் சுபாவம் தெரிந்த யாரும் அதை ஒத்துக்கொள்வார்கள். நாலு தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். ஆனால் நம்பினேன் ஐயா. அவர் தொப்பியைக் கழற்றினபோதே நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தெரு காலி. முன்னால் பத்தடி என்ன, நூறடி காலி. நான் எடுத்திருந்தால் நுழைய ஒரு வண்டி இல்லை. சாரை ஏற்றின பிறகு நான் திரும்ப வந்து நிற்பதையும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். சாவி பையில் இருந்தது. லாரி ஓட்டின கைக்குப் பத்தடி ஒரு பொருட்டா? சைடு கண்ணாடியில் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வராது என்று தெரிந்தேதான் பார்த்தேன். வந்தால் தேவலை என்று இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். பிடுங்க யாருமே இல்லாத இடத்திலிருந்து, கேட்டார்கள் என்று வண்டியை எடுத்துவிட்டால், அப்புறம் நான் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறேன்?